அது அவையின்ர ரத்தத்தில இருக்காம்

சைவ மீன் ஒண்டு இருக்கெண்டு சொன்னால் நம்புவியளோ? சிட்னியில இருக்கு. இஞ்சத்தைய ஆக்கள் பிளாக்ஃபிஷ் எண்டு சொல்லுவினம். புத்தகப் பேர் லூடரிக். கறுத்த முதுகு, பக்கத்தில மெல்லிய நெடுங்கோடுகள், சின்ன வாய். கல்லில முளைக்கிற பச்சைப் பாசிதான் அதின்ர சோறு. எப்பவாவது இறாலையும் புழுவையும் கொறிக்கும். வெள்ளிக்கிழமை சைவம், மற்ற நாளில கொஞ்சம் அப்பிடி இப்பிடி. எங்கட ஆக்கள் மாதிரித்தான்.

இந்த மீனைப் பிடிக்கப் பழகின கதையைச் சொல்லப்போறன். ஆனால் கதை மட்டும் இல்லை. போன மாசம் ஒரு சாமத்தியவீட்டில ஒருத்தர் சொன்ன வசனம் ஒண்டு இன்னும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. அதையும் எடுத்து வெளியில போடவேணும்.

நான் யாழ்ப்பாணத்தில கடல் தெரியாத ஊர்க்காரன். தோட்டம், கிணறு, பனங்கூடல். கடல் எண்டால் ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, அவ்வளவுதான். மீன் எண்டால், காலமை கடகத்தைத் தலையில வைச்சுக்கொண்டு படலையைத் திறந்து வாற ஒரு மனுசி. அவவுக்கு அம்மம்மாவை விட வயசு கூட. அம்மம்மா அவவை "எடி" எண்டுதான் கூப்பிடுவா. பத்து வயசுப் பொடியன் நான், "நீ இண்டைக்கு என்ன மீன் கொண்டந்தனி?" எண்டு கேப்பன். அவ என்னைத் "தம்பி" எண்டுவா. அவ எங்கட விறாந்தையில ஏறி நான் கண்டதில்லை. ஏன் எண்டு கேட்டதும் இல்லை. இதை முதலே சொல்லிப்போடுறன். பிறகு "நீ மட்டும் திறமோ?" எண்டு ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை. நான் திறமில்லை.

2012 செப்ரெம்பரில ஒரு மீன்பிடிப் படகில கொக்கோஸ் தீவுக்கு வந்து சேந்தனான். அந்த வருசம் ஓகஸ்ட் 13க்குப் பிறகு படகில வந்தவைக்கு அவுஸ்திரேலியா புதுக் கட்டுப்பாடு வைச்சிருந்தது. தடுப்புமுகாமில இருந்து வெளிய விட்டாலும் வேலை செய்ய அனுமதி இல்லை. வேலையில்லாத உள்ளூர்க்காரருக்குக் குடுக்கிற காசில 89 வீதம் தருவினம், அதோட சரி. நாற்பது வயசு, கை கால் சுகம், ஆனால் வேலைக்குப் போகக்கூடாது. மேற்கு சிட்னியில ஒரு வீட்டில ஆறு ஆம்பிளையள் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தம். பயித்தியம் பிடிக்காமல் இருக்க ஒருத்தர் நடையாய் நடந்தார், ஒருத்தர் கோயிலே கதி எண்டு கிடந்தார். நான் பழஞ்சாமான் கடையில ஒரு தூண்டில் வாங்கினன்.

முதல் போனது ஹோம்புஷ் பக்கம், பரமட்டா ஆத்தங்கரைக்கு. கிட்ட எண்டபடியால். அங்க ஒரு அறிவித்தல் பலகை நிண்டது. துறைமுகப் பாலத்துக்கு மேற்குப் பக்கம் பிடிக்கிற மீனைத் தின்ன வேண்டாமாம். அந்தக் கரையில முந்தி இருந்த இரசாயனத் தொழிற்சாலையளின்ர டயொக்சின் நஞ்சு ஆத்துச் சேத்தில தங்கிப்போச்சு. 2006 இல அந்தத் துறைமுகத்தில வியாபார மீன்பிடியையே நிப்பாட்டிப்போட்டினம். எனக்குத் தின்ன மீன் வேணும். அதால ஜோர்ஜஸ் ஆறு பொட்டனிக் குடாவில விழுற இடத்தில இருக்கிற கப்டன் குக் பாலத்தடிக்குப் போகத் தொடங்கினன். ரெயின் மாறி, பஸ் பிடிச்சு, தூண்டிலையும் தூக்கிக்கொண்டு. மீன்பிடி அனுமதிக்குக் காசும் கட்டினன். அகதியெண்டு கழிவு ஒண்டும் இல்லை.

அங்கதான் முதல் முதல் பிளாக்ஃபிஷைக் கண்டனான். வயசுபோன வெள்ளைக்காரர் நாலைஞ்சு பேர் வரிசையாய் நிண்டு, வளையிற நீட்டுத் தூண்டில்தடியளோட ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய்த் தூக்கிக்கொண்டு நிண்டினம். பக்கத்தில நிண்டு நான் இறாலைக் குத்திப் போட்டன். கைவிரல் அளவில பேர் தெரியாத குஞ்சுகள் வந்து இரையைத் திண்டுபோட்டுப் போச்சுதுகள். மூண்டாம் முறை போகேக்கை ஒரு கிழவர் இரக்கப்பட்டு, தன்ர வாளியைத் திறந்து காட்டினார். உள்ளுக்குப் பச்சைத் தலைமயிர் மாதிரிப் பாசி.

சரி, பாசி. தேடித் தேடிக் கல்லில சுரண்டி எடுத்து, ஈரப் பேப்பரில சுத்தி வீட்டுப் பிரிட்ஜில வைச்சன். ஆறு பேருக்கும் ஒரு பிரிட்ஜ். அண்டைக்குச் சமையல் முறைக்காரர் கீரை எண்டு நினைச்சுக் கடைஞ்சுபோட்டார். அந்தச் சண்டையைத் தனியா ஒருநாள் எழுதுறன். யூரியூப்பில எத்தினையோ வீடியோ பாத்தன். கொழுக்கி, மிதப்பு, ஈயக்குண்டு எல்லாம் அவை சொன்ன அளவில வாங்கினன். எட்டுத் தரம் போனன். ஒரு செதிலும் இல்லை.

ஒன்பதாம் தரம் குருநகர் அண்ணை என்னோட வந்தார்.

அவரும் நானும் ஒரே படகில வந்தனாங்கள். என்னை விட ஏழெட்டு வயசு மூத்தவர். ஓட்டியாய் வந்தவன் இரண்டாம் கிழமை காய்ச்சலில விழுந்திட்டான். அப்ப சுக்கானை மாறி மாறிப் பிடிச்ச நாலு பேரில அண்ணையும் ஒருத்தர். நாங்கள் மிச்சப் பேர் சத்தியெடுத்துக்கொண்டு, தேவாரமும் செபமும் சொல்லிக்கொண்டு கிடந்தம். அவர் வானத்தையும் அலையையும் பாத்துக்கொண்டு நிண்டார். அண்டைக்கு அவரிட்ட ஒருத்தரும் "ஊரில எந்தப் பக்கம்?" எண்டு கேக்கேல்லை. "இன்னும் எவ்வளவு தூரம்?" எண்டுதான் கேட்டம்.

அண்ணை பாலத்தடிக்கு வந்து அரை மணித்தியாலம் தூண்டிலைத் தொடவேயில்லை. தண்ணியைப் பாத்துக்கொண்டு இருந்தார். எனக்கு ஆத்திரம். பஸ்சுக்குக் காசு குடுத்து வந்தது தண்ணி பாக்கவோ? பிறகு கேட்டார்: "தம்பி, வத்து எப்ப துடங்கினது?" எனக்குத் தெரியாது. "நீ எவ்வளவு ஆழத்தில போடுறாய்?" வீடியோவில சொன்ன ஆழம். "பாசி எங்க முளைச்சிருக்கெண்டு பாத்தனியே?" பாக்கேல்லை.

"இது எங்கட ஓரா மாதிரி. மேயுற சாதி. இறால் தின்னுற மீன் இரையைத் தேடித் திரியும். இது புல்லு இருக்கிற இடத்தில நிண்டு மேயும். மாடு எங்க நிக்குமெண்டு பாக்காமல் நீ சும்மா கயித்தை எறியிறாய்."

அவர் அந்த மீனை முன்னம் கண்டதேயில்லை. ஊரில அவர் செய்தது வலைத்தொழில். மிதப்புத் தூண்டிலில பாசி கட்டிப் பிடிக்கிறதை அண்டைக்குத்தான் முதல் முதல் பாக்கிறார். ஆனால் அந்தக் கிழவரின்ர மிதப்பு எவ்வளவு தாண்டு நிக்குது, எந்தக் கல்லுக்குப் பக்கத்தால போகுது, எப்ப இழுக்கிறார் எண்டதெல்லாம் அந்த அரை மணித்தியாலத்தில கணக்கெடுத்துப்போட்டார். நான் எட்டு நாள் பக்கத்தில நிண்டும் ஒண்டையும் காணேல்லை.

பழக விரும்புறவைக்காக அவரிட்டப் படிச்சதைச் சுருக்கமாச் சொல்லுறன். மிதப்பு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கக்கூடாது. ஈயக்குண்டைக் கூட்டிக்கூட்டி, நுனி மட்டும் தெரியிற அளவுக்குத் தாட்டு வைக்கவேணும். இல்லாட்டி மீன் பாரத்தை உணர்ந்து துப்பிப்போடும். கொழுக்கி சின்னன், 8 அல்லது 10 ஆம் நம்பர். தங்கூசியும் மெல்லிசு. பாசியைக் கொழுக்கித் தண்டில சுத்தி, கீழ வால் மாதிரிக் கொஞ்சம் தொங்கவிடவேணும். மிச்சப் பாசியை அரிஞ்சு, ஈரமண்ணோட பிசைஞ்சு, நீரோட்டம் வாற பக்கத்தில உருண்டை உருண்டையாப் போடவேணும். அந்தப் பாசி போற வழியிலயே மிதப்பும் போகவேணும். மீன் வரேல்லையெண்டால் முடிச்சை நகத்தி ஆழத்தை மாத்து. திருப்பி மாத்து. ஒரு முழ வித்தியாசத்தில ஒருத்தருக்குப் பத்து மீன், மற்றவருக்கு ஒண்டுமில்லை.

கடைசியாய், பொறுமை. மிதப்பு ஒருக்கா ஆடும். இழுக்கக்கூடாது. இன்னொருக்கா ஆடும். இழுக்கக்கூடாது. மெல்லத் தாண்டு தாண்டு பச்சைத் தண்ணிக்குள்ள மறையும். அப்பதான் தடியை மெதுவாய் உயத்தவேணும். நான் ஒவ்வொருக்காலும் முதல் ஆட்டத்திலயே வெட்டி இழுத்தன். அண்ணை என்ர மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார், ஏடு துடக்கின பிள்ளைக்குக் கை பிடிக்கிற மாதிரி.

அண்டைக்கு எனக்கு ஒரு மீன் கிடைச்சது. 31 சென்ரிமீற்றர். 27க்குக் குறைஞ்சால் திருப்பி விடவேணும். ஒருத்தருக்கு ஒரு நாளைக்குப் பத்துத்தான். உடன ரத்தத்தை வடியவிட்டு, வயித்துக்குள்ள இருக்கிற கறுத்தத் தோலைச் சுரண்டி எடுக்கவேணுமெண்டு அந்தக் கிழவர் கையால காட்டினார். விட்டால் கறியில பாசி மணக்கும். தேங்காய்ப்பாலும் பழப்புளியும் விட்டு வைச்சம். ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு. வேலையில்லாமல் இருந்த அந்த வருசத்தில நான் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் சாமான் அதுதான்.

இப்ப சாமத்தியவீட்டுக் கதைக்கு வாறன்.

பெரிய மண்டபம். அண்ணையும் நானும் ஒரு மேசை. எங்களோட ஒரு எஞ்சினியர், இஞ்ச வந்து முப்பது வருசமாம். பேச்சு மீன்பிடியில வந்து நிண்டது. அவருக்கும் அதுதான் பொழுதுபோக்கு. சொந்தமா படகு, மீன் எங்க நிக்குதெண்டு திரையில காட்டுற மெசின், எங்கட இரண்டு மாச வாடகையை விட விலை கூடின தூண்டில். போனில படங்கள் காட்டினார். மீனை முன்னால நீட்டிப் பிடிச்சு, மீன் பெரிசாய்த் தெரியிற படங்கள். பிளாக்ஃபிஷ் மட்டும் சரிவருதில்லையாம். எப்பிடிப் பிடிக்கிறியள் எண்டு என்னைக் கேட்டார். அண்ணைதான் பழக்கினவர் எண்டு காட்டினன்.

"அப்பிடியோ? அண்ணை ஊரில எவடம்?"

"குருநகர்."

மனுசன்ர முகத்தில ஒரு சிரிப்பு. கணக்கு விடை சரிவந்தால் வாற சிரிப்பு. என்ர பக்கம் திரும்பிச் சொன்னார்: "அப்ப என்ன, அவையளுக்கு அது ரத்தத்தில இருக்குத்தானே."

அண்ணை கோப்பையைப் பாத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒண்டும் சொல்லேல்லை. நானும் ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் வெக்கம். காரில வரேக்கை அண்ணை சொன்னார்: "தம்பி, ரத்தத்தில இருந்தால் என்ர அப்பர் ஏன் எனக்கு அந்த அடி அடிச்சவர்?"

பன்னிரண்டு வயசில இருந்து இரவிரவா கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். காத்து மாறினதைச் சொல்லாட்டி அடி, நீரோட்டம் தெரியாட்டி அடி. அவரின்ர தமையனுக்குக் கடைசி வரைக்கும் அது பிடிபடேல்லையாம். வள்ளத்தில ஏறினால் சத்தி. தையல்கடை வைச்சிட்டாராம். ஒரே தாய் தேப்பன், ஒரே ரத்தம்.

அந்த எஞ்சினியர் ஐயாவிட்ட, அண்டைக்கு வாய் வராததால, இப்ப கேக்கிறன். உங்கட மகள் செலக்ரிவ் ஸ்கூலுக்கு எடுபட்டதை அதே மேசையில சொன்னியள். மூண்டாம் வகுப்பில இருந்து ரியூசன், சனி ஞாயிறு இல்லை, எவ்வளவு பாடுபட்டவள் எண்டு சொன்னியள். உண்மைதான். பிள்ளை பாடுபட்டுத்தான் எடுத்திருக்கும். உங்கட பிள்ளை படிச்சால் அது உழைப்பு. அண்ணை படிச்சால் அது ரத்தம். இது என்ன நியாயம்?

ரத்தம் எண்டு சொல்லுறது புகழ்ச்சி மாதிரித்தான் கேக்கும். அதுக்குள்ள இருக்கிற தந்திரத்தைப் பாருங்கோ. அறிவு எண்டு ஒத்துக்கொண்டால் அவரை வாத்தியார் எண்டு ஒத்துக்கொள்ள வேணும். வாத்தியாருக்கு முன்னால எழும்பி நிக்கவேணும். ரத்தம் எண்டு சொல்லிவிட்டால் அவரிட்ட மரியாதையாய்க் கேட்டுப் படிக்கத் தேவையில்லை. மாட்டில பால் கறக்கிற மாதிரி. மாட்டுக்கு ஆரும் நன்றி சொல்லுறேல்லை.

இன்னொண்டு. அதே தண்ணி, அதே மீன், அதே கொழுக்கி. நீங்கள் பிடிச்சால் பொழுதுபோக்கு, பேஸ்புக்கில படம் போடுவியள். அவர் சோத்துக்காகப் பிடிச்சால் தொழில், அந்தத் தொழில் பேரன் பேத்தி வரைக்கும் ஒட்டின சாதி. அப்ப உங்களுக்கு மீனில அருவருப்பில்லை, கடலிலயும் இல்லை. அதில சீவிச்ச சனத்திலதான்.

"இஞ்ச ஆர் சாதி பாக்கினம்? பழசைக் கிளறாதை" எண்டு சொல்ல வாறவை கொஞ்சம் பொறுங்கோ. சாதி பாக்காத ஊரில "எவடம்? எந்தக் கோயிலடி?" எண்ட கேள்வி ஏன் இன்னும் தேவைப்படுது? கலியாணத் தரகர்மாரிட்ட விசாரிச்சுப் பாருங்கோ, எது பழசு, எது புதுசு எண்டு.

"கடற்கரை ஆக்களுக்குள்ளயும் மேல் கீழ் இருக்குத்தானே" எண்டும் சொல்லுவினம். இருக்கு. கரையார், முக்குவர், திமிலர் எண்டு அங்கயும் படிக்கட்டு உண்டு. அண்ணையே ஒருநாள் வேற ஆக்களைப் பற்றி ஒரு கதை சொல்லப்போக, நான் "அண்ணை, வேண்டாம்" எண்டனான். அவையும் பிழை செய்யினம் எண்டால் எங்கட பிழை சரியாயிடுமோ?

1993 இல நான் யாழ்ப்பாணத்தில இருந்து வெளிய வந்தது கிளாலிக் கடலால. ஆனையிறவுப் பாதை பூட்டின காலம். இரவில, விளக்கில்லாமல், ஒரு வள்ளத்தில சனம் அடுக்கி. அந்த வருசத் தொடக்கத்திலதான் அந்தக் கடலில கடற்படை கன சனத்தைக் கொண்டது. நாங்கள் ஒருக்காக் கடந்தம். வள்ளம் ஓட்டினவன் ஒவ்வொரு இரவும் போய் வந்தான். எங்கட வள்ளத்தில டொக்டரும் இருந்தார், பள்ளிக்கூட அதிபரும் இருந்தார், ஐயரும் இருந்தார். அவன்ர கையைப் பிடிச்சுத்தான் எல்லாரும் ஏறினம். அண்டைக்கு ஒருத்தருக்கும் அந்தக் கை தீட்டாய்த் தெரியேல்லை. கரை இறங்கினாப் பிறகுதான் எங்களுக்கு ஞாபகம் வாறது.

மாவீரர் நாளுக்கும் பொங்கல் விழாவுக்கும் மேடையில ஏறி "எங்கட கடல்" எண்டு முழங்கிறம். இலங்கையில 2017 இல இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தாப் பிறகும் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வந்து அடிக்கடலை வழிச்சுக்கொண்டு போகுது. வலை அறுந்து நிக்கிறவன் யார்? "எங்கட கடல்" எண்டேக்கை அவன் எங்கட ஆளோ, இல்லாட்டி "அவையள்" தானோ?

இந்த மீனுக்குப் பழைய தூண்டில்காரர் வாயில "டார்க்கி" எண்டொரு பேரும் இருந்தது. கறுத்தத் தோல் மனிசரை நக்கலடிக்கிற சொல். லூடரிக் எண்ட பேரோ கிப்ஸ்லாண்ட் பக்கத்துப் பூர்வகுடிச் சனத்தின்ர மொழியில இருந்து வந்தது. இண்டைக்கு அரசாங்கத்தின்ர அளவுப் பலகையில நிக்கிறது அந்தப் பேர்தான். வெள்ளைக்காரன் தன்ர ஊத்தையெல்லாம் கழுவிப்போட்டான் எண்டு நான் சொல்ல வரேல்லை. ஆனால் அந்தச் சொல்லை இப்ப சபையில சொல்லக் கூசுவான். எங்களுக்கு "அவையள்" எண்டு சொல்ல இன்னும் கூச்சமில்லை.

2023 பெப்ரவரியில, தற்காலிக விசா வைச்சிருந்த எங்களுக்கு நிரந்தர விசாவுக்கு வழி விட்டினம். எனக்குக் கிடைச்சது. அண்ணையின்ர வழக்கு அதுக்கு முதலே தள்ளுபடி. அவர் இண்டைக்கும் பிறிட்ஜிங் விசாவிலதான் நிக்கிறார். பெண்சாதி பிள்ளையளைக் கண்டு பதின்மூண்டு வருசம். அப்பிடிப்பட்ட மனுசனுக்கு எங்கட சனம் மண்டபத்தில சோத்துக் கோப்பையோட சேத்துக் குடுத்தது அந்த வசனத்தை.

மீன் கொண்டுவாற மனுசியின்ர பேர் எனக்கு இண்டைக்கும் தெரியாது. எங்கட வீட்டில ஒருத்தரும் அவவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அண்ணையை "அண்ணை" எண்டு கூப்பிடுற இதே வாயாலதான் அவவை "நீ" எண்டனான். அவவிட்ட மன்னிப்புக் கேக்க வழியில்லை. எஞ்சினியருக்கு முன்னால வாயைத் திறந்திருக்கலாம். அதையும் செய்யேல்லை. அதாலதான் இதை எழுதுறன்.

குளிர்காலம்தான் பிளாக்ஃபிஷுக்கு நல்ல காலம். வாற ஞாயிற்றுக்கிழமை விடியக் கப்டன் குக் பாலத்தடியில நிப்பம். எஞ்சினியர் ஐயாவும் வரலாம், மெசினை வீட்டில வைச்சிட்டு வந்தால் நல்லது. பாசி நாங்கள் தருவம். ஒரேயொரு நிபந்தனை. அண்ணையைக் கண்டால் "எவடம்?" எண்டு கேக்கக்கூடாது. "எவ்வளவு ஆழத்தில போடவேணும்?" எண்டு கேளுங்கோ. சொல்லித் தருவார்.